வண்டி ஏன் தாமதம்? தொழிற்சாலை அவசர அறையில் அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

ஓசூரிலோ சூளகிரி, பர்கூர் பக்கத்திலோ உள்ள பெரிய தொழிற்சாலை வளாகம் ஏறக்குறைய ஒரு ராணுவ முகாம் மாதிரிதான். சுற்றுச்சுவர், கேட், சொந்த ஆம்புலன்ஸ், சொந்த பயர் டெண்டர், தனி வாக்கி டாக்கி சேனல் எல்லாம் உண்டு. அவசர அழைப்புகளை எடுக்கும் கண்ட்ரோல் ரூமில் உட்காருபவர்களில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களும் இருப்பார்கள். உள்ளே ஏதாவது நடந்தால் வெளி உதவி வந்து சேரும்வரை எல்லாம் அந்த அறையின் கையில்தான். அந்த அறைக்குப் பொறுப்பாக இருப்பவருக்கான குறிப்பு இது. அறிகுறியைப் பாருங்கள், காரணத்தைத் தேடுங்கள், சரிசெய்யுங்கள்.

முதலில் நேரத்தைத் துண்டு போடுங்கள்

"வண்டி லேட்டா வந்துச்சு" என்று புகார் வந்தவுடன் அன்றைக்கு டியூட்டியில் இருந்தது யார் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு ஆறு நேரங்களை எழுதுங்கள். போன் அடித்தது, எடுத்தது, இடம் உறுதியானது, வண்டிக்குச் சொன்னது, வண்டி நகர்ந்தது, இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு நேரத்துக்கு நடுவே ஐந்து இடைவெளி. எந்த இடைவெளி வீங்கியிருக்கிறதோ கோளாறு அங்கேதான் இருக்கும். மற்ற நாலையும் நோண்ட வேண்டாம்.

ஒப்பிட அளவு வேண்டுமானால் அமெரிக்காவின் 911 மையங்களுக்கான நீனா (அங்குள்ள அவசர எண் சங்கம்) தர அளவு இருக்கிறது. 90 சதவீத அழைப்புகளை 15 வினாடிக்குள்ளும், 95 சதவீதத்தை 20 வினாடிக்குள்ளும் எடுக்க வேண்டும். தகவல் கிடைத்ததில் இருந்து வண்டி நகர்வதற்கு என்எஃப்பிஏ (அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கம்) 1710 தர அளவு தருவது தீயணைப்புக்கு 80 வினாடி, மருத்துவத்துக்கு 60 வினாடி. நம் சட்டம் கேட்பதல்ல இது. ஆனாலும் சுவரில் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த எண்கள்.

கணக்குப் போடும்முன் கடிகாரங்களைப் பாருங்கள். போன் எக்ஸ்சேஞ்ச், சிசிடிவி ரெக்கார்டர், பயர் பேனல், கேட் கம்ப்யூட்டர், சுவர்க் கடிகாரம் என்று ஐந்தும் ஐந்து நேரம் காட்டும். பயர் பேனல் நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது என்பது தெரியாமல் "நாலு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கான்" என்று ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தால் அந்த ஆள் அடுத்த தடவை சம்பவ நேரத்தையே மாற்றி எழுதுவார். மாதத்தின் முதல் தேதி ஒருவர் செல்போன் நேரத்தை வைத்து ஐந்தையும் சரிபார்த்து, வித்தியாசத்தை லாக் புக்கில் எழுதட்டும். பத்து நிமிட வேலைதான்.

அறிகுறி: "ரிங் போகுது, யாரும் எடுக்கல" என்கிறார்கள், அறையிலோ சத்தமே கேட்கவில்லை

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அழைத்தவருக்குக் கேட்கும் ரிங் சத்தத்தைத் தருவது எக்ஸ்சேஞ்ச். உங்கள் மேஜை போன் அடித்தால்தான் அந்தச் சத்தம் கேட்கும் என்றில்லை.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில், யாராவது டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) பொத்தானை அழுத்தி விட்டிருக்கிறார்களா? இரவு ஷிப்டில் தொல்லை அழைப்புகளைத் தடுக்கப் போட்டு, காலையில் எடுக்க மறப்பது வழக்கம். அடுத்து, ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் சாய்ந்து கிடக்கிறதா? மூன்றாவது, அவசர எண் எந்த வரிசையில் போன்களைத் தேடுகிறது? ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் 20 வினாடி காத்திருந்து போகும்படி வைத்திருந்தால், மூன்றாவது மேஜை அடிக்கும்போது 40 வினாடி போயிருக்கும். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடிக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஐபி போனாக இருந்தால் திரையில் எக்ஸ்டென்ஷன் எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் போன் சர்வரிலிருந்து கழன்றிருக்கிறது. டயல் டோனும் இருக்காது.

ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் வளாகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்து ஒரு டெஸ்ட் அழைப்பு வரட்டும். தினம் ஒரே இடத்தில் இருந்து வந்தால் ஒரே ஒரு வயரைத்தான் சோதிக்கிறீர்கள்.

அறிகுறி: 108 போட்டால் ஆபீஸில் யாரோ எடுக்கிறார்கள்

சிரிப்பாக இருக்கும், ஆனால் பழைய எக்ஸ்சேஞ்ச் உள்ள இடங்களில் நடப்பதுதான். எக்ஸ்டென்ஷன் எண்கள் 100இல் தொடங்கினால் 101 ரிசப்ஷன், 108 கணக்குப் பிரிவு, 112 கேன்டீன் என்று யாருக்கோ போயிருக்கும். பதற்றத்தில் 108 அழுத்தியவருக்குக் கணக்குப் பிரிவில் மணி அடிக்கும். அதுவும் ராத்திரியில், பூட்டிய அறையில்.

100, 101, 108, 112 நாலையும் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு கண்ட்ரோல் ரூமுக்குத் திருப்புங்கள். நேராக வெளியே போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். சுவர் வைத்த வளாகத்துக்கு அது சரிவராது. 108க்குச் சொன்னவர் கேட்டுக்குச் சொல்லவில்லை என்றால் ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நிற்கும். கண்ட்ரோல் ரூம் எடுத்து, அழைத்தவரையும் லைனில் வைத்துக்கொண்டு 108ஐ இணைப்பதே நல்லது.

இன்னொன்று. கம்பெனியின் வெளி லைன் பெங்களூரு எண்ணில் இருந்தால், அதில் போகும் அவசர அழைப்பு எங்கே இறங்கும் என்று லைன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: செல்போனில் 112 அடித்தால் கன்னடத்தில் பேசுகிறார்கள்

ஜூஜூவாடி, பாகலூர், தளி பக்கம் இது சகஜம். போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலத்து மையத்துக்கு அழைப்பு போகும். கர்நாடகத்திலும் அதே 108, அதே 112 தான் என்பதால் தப்பான இடத்தில் பேசுகிறோம் என்பதே அழைத்தவருக்குப் புரியாது. "ஓசூர் சிப்காட்" என்று சொன்னால் அங்கிருப்பவருக்கு ஓசூர் ரோடுதான் நினைவுக்கு வரும். பெங்களூருக்குள்ளேயே அப்படி ஒரு சாலை இருக்கிறது.

போனைத் துண்டித்து மறுபடி அடிக்கச் சொல்லாதீர்கள், அதே டவரைத்தான் பிடிக்கும். முதல் வாக்கியமாக "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்" என்று மூன்றையும் சொல்ல வைத்து, மாற்றிவிடச் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள். அதைவிடச் சுலபம், கண்ட்ரோல் ரூமின் பத்து இலக்க எண்ணை ஒவ்வொருவர் போனிலும், அடையாள அட்டையின் பின்பக்கத்திலும் ஏற்றுவது. பத்து இலக்க எண்ணுக்கு மாநில எல்லை கிடையாது.

அறிகுறி: எடுத்தாச்சு, இடம் பிடிபட ஒன்றரை நிமிடம்

தாமதங்களில் பெரும்பங்கு இங்கேதான். பேச்சு இப்படிப் போகும்:

"சார், இங்க ஒருத்தர் விழுந்துட்டாரு, சீக்கிரம் வாங்க!"
"எப்படி விழுந்தாரு? பேர் என்ன? எந்த டிபார்ட்மென்ட்?"
"தெரியல சார், கான்ட்ராக்ட் ஆளு. வாங்க சார்!"
"எங்க இருந்து பேசறீங்க?"
"சிப்காட்ல இருந்துதான் சார்!"

இடம் நாலாவது கேள்வியாக வந்திருக்கிறது. அதற்கு வந்த பதிலும் பயனில்லை. சிப்காட் என்றால் ஓசூரிலேயே இரண்டு கட்டம், பிறகு சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர். ஒரே கம்பெனிக்கு இரண்டு இடத்தில் ஆலை இருந்தால் "பிளான்ட் டூ பின்கேட்" என்பது இரண்டு இடத்திலும் உண்டு.

ஆபரேட்டரின் முதல் வாக்கியத்தை மாற்றுங்கள். "ஹலோ" வேண்டாம். "அவசர அறை. எந்த இடம்?" என்று தொடங்கட்டும். இடம் தெரியாதவரிடம் "பக்கத்துத் தூண்ல என்ன நம்பர் எழுதியிருக்கு அண்ணா?" என்று கேட்கட்டும். இதற்குத் தூண்களில் எண் இருக்க வேண்டும். வரைபடத்தில் இருந்தால் போதாது. தரையில் இருந்து ஐந்தடி உயரத்தில், ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமுமாக, நாலு பக்கமும் மஞ்சள் பட்டையில் கறுப்பில் எழுத வேண்டும். பத்தடி உயரத்தில் எழுதியிருப்பது ரேக் வந்ததும் மறைந்துவிடும். ஒவ்வொரு இன்டர்காம் பக்கத்திலும் "நீங்கள் இருக்கும் இடம்: சி 14, பிரஸ் ஷாப் மேற்கு" என்று ஒட்டுங்கள்.

மொழி இங்கே பாதிப் பிரச்சினை. ஓசூர்த் தளத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் உள்ளூர் மொழி; ஒடிசா, பீகார், ஜார்கண்டில் இருந்து வந்தவர்கள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். ஆபரேட்டர் ஆறு மொழி கற்க வேண்டியதில்லை. எங்கே, எத்தனை பேர், மூச்சு, ரத்தம், தீ, கேஸ், கரண்ட், வெளியே வாருங்கள் என்னும் எட்டுச் சொல் ஆறு மொழியிலும் தமிழ் எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று போன் அடியில் இருக்கட்டும். எந்த ஷிப்டில் யாருக்கு எந்த மொழி என்ற பட்டியலும் வேண்டும்.

வளாகத்துக்கு வெளியே, கம்பெனி பஸ் வழியில் என்றால் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். தர்மபுரி பக்கம் ஆள் பெயரோடு "கொட்டாய்" சேர்ந்த குக்கிராமங்கள் ஏராளம். "அள்ளி" என்று முடியும் ஊர்களும் அப்படியே. ஒரே பெயர் இரண்டு மூன்று தாலுகாவில் வரும். "ஹைவேல" என்றால் ஓசூரில் இருந்து தர்மபுரிக்கு கிருஷ்ணகிரி வழியாக 44ஆ, ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக 844ஆ என்று முதலில் பிரியுங்கள். பிறகு கிலோமீட்டர் கல், பிறகு வண்டி எந்த ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் திசை தெரியாமல் அனுப்பினால், தொப்பூர் கணவாய் மாதிரி இடத்தில் விபத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்ப இடம் தேடி மலை முழுக்க இறங்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் லொக்கேஷன் வாங்கலாம். வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: "மூச்சு இருக்கு" என்றார்கள், போய்ப் பார்த்தால் இல்லை

இதயம் நின்றவர் முதல் சில நிமிடம் இழுத்து இழுத்து, குறட்டை மாதிரி, மீன் வாயைத் திறப்பது மாதிரி மூச்சு விடுவார். அது மூச்சு அல்ல. ஆபரேட்டர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. "கூப்பிட்டா முழிக்கிறாரா?" "எப்பவும் போல மூச்சு விடறாரா?" இரண்டுக்கும் இல்லை என்றாலோ, இரண்டாவதற்குத் தயங்கினாலோ மார்பை அழுத்தச் சொல்ல வேண்டும். நடு மார்பில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. "நான் எண்றேன், நீங்க கூடவே அழுத்துங்க" என்று போனிலேயே எண்ண வேண்டும். எண்ணாமல் விட்டால் அழுத்துபவர் ஒரு நிமிடத்தில் வேகம் குறைவார். கரண்ட் அடித்தவர் என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒரே வாக்கியம்: "தொடாதீங்க, மெயினை அணைங்க."

ஆபரேட்டர் இதைச் சொல்லத் தயங்குகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் பயம், "தப்பா சொல்லிட்டா நம்ம தலைல விழும்" என்று. எழுதிய அட்டையைப் படித்துச் சொன்னதற்கு யாரும் பொறுப்பாக்கப்பட மாட்டார்கள் என்று மேலாளர் கையெழுத்தோடு சுவரில் ஒட்டுங்கள். பயிற்சியில் மாறாத ஆள்கூட அதில் மாறுவார்.

அறிகுறி: இடம் தெரிந்தது, ஆனால் வண்டிக்குச் சொல்ல இரண்டு நிமிடம்

லாக்கைப் பாருங்கள். இடைவெளியில் வேறு ஒரு போன் போயிருக்கும். ஷிப்ட் மேலாளருக்கு, அனுமதி கேட்டு. பெரும்பாலும் யாரும் அப்படி விதி போட்டிருக்க மாட்டார்கள். என்றைக்கோ சும்மா வண்டி அனுப்பியதற்கு யாரோ திட்டியிருப்பார்கள், அதில் இருந்து அது பழக்கமாகிவிட்டது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வண்டியை நகர்த்த அனுமதி கேட்கும் அறை கண்ட்ரோல் ரூம் அல்ல, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

இடமும் வகையும் தெரிந்ததும் வண்டி கிளம்பும். மீதிக் கேள்விகள் வண்டி ஓடும்போது கேட்கப்படும். இந்த ஒரு வரியை ஆணையாக எழுதி வாங்குங்கள். திருப்பி அழைக்கும் அதிகாரம் மேலாளருக்கு இருக்கட்டும், அனுப்பும் அதிகாரம் ஆபரேட்டருக்கு. சும்மா போய்த் திரும்பிய வண்டிக்கு ஆபரேட்டரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

இதன் மறுபக்கம், இரண்டு ஆபரேட்டர் இருந்தும் யாருமே அனுப்பாதது. போனை எடுத்தவர் பக்கத்து மேஜையைப் பார்த்து "ஓஎச்சிக்குச் சொல்லிடுங்க" என்பார் (ஓஎச்சி என்பது ஆலையின் மருத்துவ மையம்). அவர் வேறு அழைப்பில் தலையாட்டுவார். தலையாட்டல் பதில் ஆகாது. கேட்டவர் இடத்தைத் திருப்பிச் சொன்னால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு: "ஆம்புலன்ஸ், சி 14, நான் சொல்றேன்." அதுபோல 108, 101 இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பேச வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அங்கே இரண்டு சம்பவமாகப் பதிவாகும்.

அறிகுறி: வாக்கி டாக்கியில் கோளாறு

வாக்கி டாக்கி கோளாறு எல்லாவற்றையும் "சிக்னல் இல்ல" என்ற ஒரே பெயரில் எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பிரியுங்கள்.

சேனல் முழுக்க ஏதோ இன்ஜின் சத்தம், யாரும் பேச முடியவில்லை. யாருடைய பேசும் பொத்தானோ அழுந்திக் கிடக்கிறது. பெல்ட்டில் மாட்டிய மைக்கின் மேல் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் வண்டி சீட் இடுக்கில் கிடக்கும். எல்லாரையும் மாற்று சேனலுக்கு வரச்சொல்லிப் பேர் கூப்பிடுங்கள். வராதவர்தான் அவர். நிரந்தரத் தீர்வாக, எல்லா செட்டிலும் தொடர்ந்து 60 வினாடிக்கு மேல் பேச முடியாதபடி டைமர் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு செட்டுக்கு மட்டும் மற்றவர் பேசுவது கேட்கிறது, அது பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று நேரடி சேனலில் பேசினால் கேட்கிறது. சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் அந்த செட்டில் தப்பு. சர்வீஸுக்குப் போய் வந்த செட்டில்தான் பெரும்பாலும் இது வரும். நல்ல செட்டில் இருந்து புரோகிராமை நகல் எடுத்தால் தீர்ந்தது.

காலையில் நன்றாக இருக்கும், ஷிப்ட் முடிவில் கேட்கும் ஆனால் பேச முடியாது. பேட்டரிதான் காரணம். கேட்பதைவிடப் பேசுவதற்குப் பல மடங்கு கரண்ட் வேண்டும். அதனால்தான் பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்து எழுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நேரம் 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, 90 சதவீதம் சும்மா இருப்பது என்ற கணக்கில் வந்தது. ஒரு சம்பவம் நடக்கும்போது அந்தக் கணக்கு ஒத்துவராது. பேட்டரி மேல் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதுங்கள். முழு சார்ஜில் ஒரு ஷிப்ட் தாங்காததை மாற்றுங்கள்.

சில இடத்தில் மட்டும் செத்துவிடுகிறது. தகரக் கூரை பிரஸ் ஷாப், கேபிள் சுரங்கம், குளிர் அறை. ஒருவர் செட்டோடு நடக்கட்டும். 25 அடிக்கு ஒருமுறை தூண் எண்ணைச் சொல்லட்டும். அறையில் இருப்பவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடட்டும். அரை நாளில் வளாகத்தின் வரைபடம் கிடைத்துவிடும். 2க்குக் கீழ் உள்ள இடத்துக்கு ஆள் உள்ளே போனால், வாசலில் ஒருவர் நின்று செய்தியைக் கடத்த வேண்டும்.

தமிழில் பேசும் அறைக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. செட் ஒழுங்காக இருந்தும் செய்தி தலைகீழாகப் போய்ச் சேரும். நம் மொழியில் "வேண்டாம்", "இல்லை", "கூடாது" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. அவசரத்தில் பொத்தானை அரை வினாடி முன்னால் விட்டால் "பின்பக்கமா உள்ள போக வேண்டாம்" என்பது "பின்பக்கமா உள்ள போக" என்று போகும். தடுத்த ஆள் உள்ளே நுழைவார். ஆகவே தடை சொல்லும்போது முதல் சொல்லே தடையாக இருக்கட்டும்: "நில்லுங்க. பின்பக்கம் கேஸ் இருக்கு. நில்லுங்க." பொத்தானை அழுத்தி ஒரு வினாடி கழித்துப் பேச்சு, பேசி முடித்து ஒரு வினாடி கழித்து விடுதல். தொடக்கத்தில் விட்ட ஒரு வினாடி ரிப்பீட்டர் திறக்க. எண்களிலும் கவனம் வேண்டும். எழுபதும் எண்பதும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். "ஏழு, சைபர்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

அறிகுறி: வெளி ஆம்புலன்ஸ் கேட்டில் ஆறு நிமிடம் நின்றது

பாஸ் கேட்டிருப்பார்கள், டிரைவரின் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவரும் விழித்திருப்பார். செக்யூரிட்டி மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்ன விதியை அவர் செய்கிறார். அவசர வண்டிக்குத் தனி விதி கொடுங்கள்: தடையைத் தூக்கு, வண்டி எண்ணை மட்டும் எழுது, பைக்கில் ஒரு வழிகாட்டி முன்னால் போகட்டும். 108க்குப் பேசும்போதே கேட் எண்ணைச் சொல்ல வேண்டும், கூகுள் மேப் காட்டும் கேட்டை அல்ல. அது பல இடங்களில் லாரி கேட்டையோ பூட்டிய கேட்டையோ காட்டும்.

தாமதங்களை மணிவாரியாக அடுக்கினால் 6, 2, 10 மணியை ஒட்டிக் குவிந்திருக்கும். ஷிப்ட் மாறும்போது கம்பெனி பஸ்கள் கேட்டு ரோட்டை அடைத்து நிற்கும் நேரம் அது. சம்பவம் நடக்கிறது என்றால் பஸ்களை உள்ளேயே நிறுத்தி வைக்கும் அதிகாரம் கண்ட்ரோல் ரூமுக்கு வேண்டும்.

ஓசூர் தீயணைப்பு நிலையத்து வண்டியை ஒருமுறை வரவழைத்து உள்ளே எல்லா வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். பைப் ரேக் உயரமும் திருப்பமும் காகிதத்தில் சரியாகவே இருக்கும்.

அறிகுறி: பயர் பேனல் அடித்தால் யாரும் எழுந்திருப்பதில்லை

தினம் மூன்று தடவை பொய்யாக அடிக்கும் மணிக்கு யார் எழுவார்? ஆபரேட்டரைத் திட்டும்முன் எந்த டிடெக்டர் அடிக்கிறது என்று ஒரு மாத லாக்கை எண்ணுங்கள். பெரும்பாலும் நாலைந்துதான் திரும்பத் திரும்ப வரும். அரைக்கும் இயந்திரத் தூசி, உள்ளே புகுந்த பூச்சி, ஜெனரேட்டர் புகை, குளிர் அறை வாசலின் நீராவி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். சுத்தம் செய்தும் அடங்காத இடத்தில் புகை டிடெக்டருக்குப் பதில் வெப்ப டிடெக்டர் பொருந்துமா என்று பயர் இன்ஜினியரிடம் கேளுங்கள்.

இதைவிட ஆபத்து, அடிக்கவே அடிக்காத மண்டலம். வெல்டிங் வேலைக்காக ஐசோலேட் செய்து (டிடெக்டர்களைத் தற்காலிகமாகத் துண்டித்து), வேலை முடிந்தும் திருப்பிப் போடாதது. ஐசோலேட் செய்தால் பேனலில் சிவப்பு அட்டை தொங்க வேண்டும்; அதில் மண்டலம், யார் கேட்டது, எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும் என மூன்றும் இருக்க வேண்டும். மணி வந்ததும் ஆபரேட்டரே கூப்பிட்டுக் கேட்பார்.

கேஸ் கசிவு என்றால் இடத்தோடு காற்றின் திசையும் வேண்டும். அறை ஜன்னலில் இருந்தோ கேமராவிலோ திசை காட்டும் காற்றுப்பை தெரியும்படி வையுங்கள். அம்மோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று நினைத்து, ஆட்கள் கூடும் இடமான அசெம்பிளி பாயிண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரவமாகப் பீறிட்டால் குளிர்ந்த மூடுபனியாகத் தரையோடு படரும். காற்று கேஸைக் கொண்டுபோகும் பக்கத்தில் அசெம்பிளி பாயிண்ட் இருந்தால் மாற்று இடத்தை அறிவிக்கும் முடிவு அறையில் எடுக்கப்பட வேண்டும். அபாய ரசாயன விதிகள் 1989இன்படி உள்வளாகத் திட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு மாக் டிரில் (ஒத்திகை) உண்டு. அது எப்போதும் பகல் 11 மணிக்கு, மேலாளர்கள் எல்லாரும் இருக்கும் நாளில்தான் நடக்கிறதா? அடுத்ததை ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு வையுங்கள்.

அறிகுறி: பிழைகள் ஒரே ஷிப்டில், ஒரே ஆளிடம்

ஆளைப் பற்றி முடிவெடுக்கும்முன் கணக்கைப் பாருங்கள். ஒரு நாற்காலி வாரம் 168 மணி நேரம் நிரம்பியிருக்க வேண்டும். ஒருவருக்கு 48 மணி நேரம் என்றால் மூன்றரை ஆள். லீவும் பயிற்சியும் சேர்த்தால் நாலரை. இரண்டு நாற்காலிக்கு ஒன்பது பேர். ஏழு பேரை வைத்து ஓட்டினால் யாரோ ஒருவர் தொடர்ந்து டபுள் டியூட்டி பார்க்கிறார். பிழை செய்பவரும் அவராகத்தான் இருப்பார்.

ஷிப்ட் ஒப்படைப்பில் விடுபட்டதா என்றும் பாருங்கள். "எல்லாம் நார்மல்" என்று எழுதியிருந்தால் ஒப்படைப்பே நடக்கவில்லை. ஐசோலேட் ஆன மண்டலம், ஓடாத வண்டி, அடைத்த சாலை, உள்ளே நடக்கும் அபாய வேலை என நாலையும், ஒன்றும் இல்லை என்றாலும் "இல்லை" என்று எழுதி, வருபவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் போகிறவர் எழ வேண்டும். இரவில் 3 முதல் 5 வரை ஒருவர் மட்டும் உட்காரும்படி வைக்காதீர்கள்.

சாவில் முடிந்த அழைப்புக்குப் பிறகு அந்த ஆபரேட்டரை அரை மணி நேரமாவது நாற்காலியை விட்டு எழுப்புங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். பதிவைப் போட்டுக் கேட்பதெல்லாம் மறுநாள்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தால் போன் மட்டும் செத்துவிடுகிறது

கம்ப்யூட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, யுபிஎஸ் பச்சையில் இருக்கிறது. போன் மட்டும் இல்லை. ஐபி போனுக்குக் கரண்ட் வருவது நெட்வொர்க் வயர் வழியாக, வேறொரு அறையில் இருக்கும் சுவிட்சில் இருந்து. அந்த சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இல்லை. ஜெனரேட்டர் எடுத்த பிறகும் சுவிட்ச் விழித்து, போன் பதிவாக சில நிமிடம் ஆகும். தீர்வு சின்னது. அந்த சுவிட்சையும் ரவுட்டரையும் கண்ட்ரோல் ரூம் யுபிஎஸ்ஸில் சேருங்கள். கூடவே நெட்வொர்க் இல்லாமல் ஓடும் சாதாரண லேண்ட்லைன் ஒன்றும், சார்ஜரோடு கட்டி வைத்த செல்போன் ஒன்றும் மேஜையில் இருக்கட்டும்.

யுபிஎஸ் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 65 ஆம்பியர் மணி பேட்டரி நாலு என்றால் 3,120 வாட் மணி. இன்வெர்ட்டர் இழப்புக்கு 80 சதவீதம், பழைய பேட்டரிக்கு 70 சதவீதம் என்று கழித்தால் சுமார் 1,750. அறையின் சுமை 600 வாட் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. யாராவது ஹீட்டரோ கெட்டிலோ அந்த பிளக்கில் சொருகினால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. டிசம்பர், ஜனவரி ஓசூர்க் குளிரில் அந்த பிளக்கைப் போய்ப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை மெயினை அணைத்து 30 நிமிடம் யுபிஎஸ்ஸில் மட்டும் ஓட்டுங்கள். ஓடும்போதே ஒவ்வொரு போனுக்கும் அழைப்பு, ஒவ்வொரு சேனலிலும் பேச்சு. முடிவில் பேட்டரி ஒவ்வொன்றின் வோல்ட்டையும் எழுதுங்கள். மற்றதைவிட அரை வோல்ட் குறைந்து நிற்கும் பேட்டரியைத் தனியாக டெஸ்ட் செய்யக் கொடுங்கள். செத்துக்கொண்டிருப்பது உறுதியானால் மொத்தத்தையும் ஒன்றாக மாற்றுங்கள்; பழைய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.